அந்த ‘சி’ கலெக்டர் இல்லை

ஐயா, வணக்கம். அப்பா வண்ணாரப்பேட்டையில் ரேடியோ, டிவி மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய டூல்ஸ் பெட்டியில் வால்வு, டிரான்சிஸ்டர் விவரங்கள் அடங்கிய ஒரு ரஷ்யப் புத்தகம் கிடைத்தது. படங்களில் கால்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை ஆங்கிலமாகப் படித்தால் ஒன்றும் பொருந்தவில்லை. ‘சி’ என்று போட்டிருப்பது கலெக்டரா? இன்னொரு சந்தேகம். டயோடில் ஆனோடு பிளஸ். என் மகளின் வேதியியல் பாடத்தில் மின்கலத்தின் ஆனோடு மைனஸ். எது சரி?

ச., வியாசர்பாடி

அன்புள்ள ச.,

அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரிந்தால் போதும், முழுவதையும் பயன்படுத்தலாம்.

அது ‘சி’ இல்லை. ரஷ்யத்தில் அந்த எழுத்துக்கு ‘ஸ்’ ஒலி. வால்வு படத்தில் வந்தால் ‘சேத்கா’, அதாவது கிரிட். ஃபெட் (சோர்ஸ், கேட், டிரெயின் என்று மூன்று கால்கள் உள்ள ஒரு வகை டிரான்சிஸ்டர்) படத்தில் வந்தால் ‘ஸ்தோக்’, அதாவது டிரெயின். ‘ஸ்’ என்று ஒலிக்கிறதே, சோர்ஸ்தான் என்று எடுத்துக்கொண்டால் நேர் எதிர்க்காலைப் பிடித்துவிடுவீர்கள். சோர்ஸுக்கு அவர்கள் சொல் ‘இஸ்தோக்’. அதன் முதல் எழுத்து, ஆங்கில ‘என்’னைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். கேட்டுக்கு ‘ஸத்வோர்’. இதன் முதல் எழுத்து அச்சில் 3 போலவே தெரியும். இருபது வயதில் நான் அதை மூன்றாம் நம்பர் கால் என்று நினைத்து, கேட்டுக்கு நேராக 9 வோல்ட் கொடுத்து ஒரு ஃபெட்டை எரித்தேன். என் ஒரு நாள் கூலி அது.

சாதாரண டிரான்சிஸ்டரின் கால்களான எமிட்டர், பேஸ், கலெக்டர் மூன்றும் அதே சொற்கள்தான்: எமித்தெர், பாஸா, கொல்லெக்தொர். கலெக்டருக்கு ‘கே’ போடுவார்கள். டயோடிலும் வால்விலும் அதே ‘கே’ கேத்தோடு.

சோர்ஸ், கேட், டிரெயின் என்ற பெயர்களை 1952-இல், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லி வைத்தார். மூன்றும் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. ரஷ்யர்கள் ஒலியைக் கடன் வாங்காமல் அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டார்கள். இஸ்தோக் என்றால் ஆறு பிறக்கும் இடம். ஸ்தோக் என்றால் வடிகால். அணையின் ஷட்டருக்கும் அவர்கள் ஸத்வோர் என்றுதான் சொல்வார்கள். புழல் ஏரியில் ஷட்டரை ஏற்றி இறக்குவதைப் பார்த்த யாருக்கும் ஃபெட் எப்படி வேலை செய்கிறது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

சேத்கா எனக்கு மிகவும் பிடித்த சொல். சின்ன வலை என்று பொருள். காசிமேட்டில் காயப்போட்டிருக்கிறார்களே, அந்த வலையின் குட்டி. செத்துப்போன ஒரு வால்வைத் துண்டில் சுற்றி உடைத்துப் பாருங்கள் (கண்ணாடித் தூள் கண்ணில் படாமல்). நடுவில் வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு சிறு குழாய், அது கேத்தோடு. அதைச் சுற்றி, இரண்டு தூண்களில் சுருள் சுருளாகச் சுற்றிய மயிரிழைக் கம்பி, அதுதான் கிரிட். வெளியே சாம்பல் நிறத் தகடு, ஆனோடு. பென்டோடாக (ஐந்து மின்வாய்கள் கொண்ட வால்வு) இருந்தால் சுருள் மூன்று இருக்கும்.

அந்த மூன்றாவது சுருளை ஆங்கிலத்தில் ‘சப்ரஸர்’ என்கிறார்கள், அடக்குவது. எதை அடக்குகிறது என்று பெயரில் இல்லை. ரஷ்யப் பெயர் ‘அந்திதினத்ரோன்னயா’, டைனட்ரான் விளைவுக்கு எதிரானது. வேகமாக வந்து ஆனோடில் மோதும் எலெக்ட்ரான்கள் அங்கிருந்து வேறு எலெக்ட்ரான்களைத் தெறிக்க வைக்கும். தெறித்தவை இரண்டாவது கிரிட்டுக்கு ஓடிவிடும். அதுதான் டைனட்ரான் விளைவு. மூன்றாவது கிரிட் அவற்றை ஆனோடுக்கே திருப்பி விரட்டுகிறது. பெயரிலேயே வேலை இருக்கிறது. இப்படித்தான் பெயர் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகளின் சந்தேகத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. டயோடும் சரி, பாடமும் சரி. ஆனோடு, கேத்தோடு என்ற சொற்கள் 1834-இல் ஃபாரடே, வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞரிடம் கேட்டு வாங்கியவை. கிரேக்கத்தில் ஏறும் வழி, இறங்கும் வழி. சூரியன் ஏறும் கிழக்கையும் இறங்கும் மேற்கையும் வைத்துச் சொன்னது. நம் பக்கத்தில் சொன்னால் காசிமேடு கடல் ஆனோடு, பெரம்பூர் கேத்தோடு. மின்னோட்டம் எந்த முனை வழியாக ஒரு சாதனத்துக்குள் நுழைகிறதோ அது ஆனோடு. பிளஸ், மைனஸ் என்ற பேச்சே அதில் இல்லை. டயோடில் பிளஸ் பக்கமாக நுழைகிறது. கரண்ட் கொடுக்கும் மின்கலத்திலோ, வெளியே சுற்றிவிட்டு மைனஸ் வழியாகத்தான் உள்ளே திரும்புகிறது. நாம் ஆனோடை ‘நேர்மின்வாய்’ என்று மொழிபெயர்த்தோம். அதனால் ‘மின்கலத்தின் நேர்மின்வாய் எதிர்க்குறி உடையது’ என்று ஒரு குழந்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. நுழைவாய், வெளிவாய் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், பெட்டியில் வால்வு ஏதாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். 6, கதவு நிலை போன்ற ஓர் எழுத்து, 14, மறுபடி அதே எழுத்து என்று கண்ணாடி மேல் இருந்தால் அது ‘6பி14பி’, நம் இ.எல். 84 வால்வுக்குச் சமம். ரஷ்யர்கள் ‘நகால்’ என்று எழுதியிருப்பது ஹீட்டர். அதற்கு 6.3 வோல்ட் கொடுங்கள்.