நூறு வருடம் ஆனால் நாடகத்தின் உரிமை போய்விடுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் இருக்கிறேன். நவம்பர் நினைவு நாளுக்கு, முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சிப்பாய்களைப் பற்றி அந்தக் காலத்திலேயே எழுதிய நகைச்சுவைக் குறுநாடகம் ஒன்றைப் போடப் போகிறோம். டிக்கெட் கிடையாது. 'நூறு வருடம் தாண்டியது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்' என்கிறது ஸ்கிரிப்ட் விற்ற இணையதளம். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். பிரிட்டனில் கணக்கு நாடகத்தின் வயதை வைத்து இல்லை. எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள். ஓல்டு பில் என்ற மீசைக்காரச் சிப்பாயைக் கார்ட்டூனில் படைத்த புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் ஆர்தர் எலியட்டும் சேர்ந்து எழுதிய இசை நாடகம் 1917-இல் லண்டனில் தொடங்கி 800 தடவைக்கு மேல் நடந்தது. நூறு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பேர்ன்ஸ்ஃபாதர் இறந்தது 1959-இல். ஆகவே 2029 டிசம்பர் வரையாவது உரிமை இருக்கிறது.

ஸ்கிரிப்ட் விற்கிறவர் உங்களுக்கு விற்பது வெறும் காகிதம். மேடையேற்றும் உரிமை வேறு. எழுதியவர் யார், எப்போது இறந்தார், உரிமை தர விற்கிறவருக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இப்படி ஏமாந்து, அரங்கேற்றத்துக்கு முந்தின வாரம் என்னிடம் ஓடி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுப்பதில்லை.

டிக்கெட் இல்லை என்பதும் இங்கே உதவாது. இந்தியச் சட்டத்தில் இலவசமாக நடத்தும் அமெச்சூர் குழுவுக்குச் சலுகை உண்டு. நம்மவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் பள்ளிக்கு ஒரு சலுகை உண்டு. அதுவும் ஆசிரியர்கள், மாணவர்கள், அந்தப் பள்ளியின் பணிகளோடு நேரடித் தொடர்பு உள்ளவர்கள் முன்னால் நடித்தால் மட்டும். பெற்றோர் என்பதால் மட்டுமே ஒருவர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்று சட்டமே சொல்கிறது. அதே பள்ளியில் வேலை பார்க்கும் அம்மா உட்காரலாம், பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்தால் சலுகை போச்சு. தாத்தா, பாட்டியும் அப்படித்தான். இந்தியாவிலோ பெற்றோரையும் சேர்த்தே விலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

சரி, எழுதியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? 1968 வரை புது நாடகங்கள் லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்துக்குத் தணிக்கைக்குப் போயாக வேண்டும். அந்தப் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெயர் கிடைத்தும் வாரிசைக் கண்டுபிடிக்க முடியவில்லையா? பிரிட்டன் அரசின் அறிவுசார் சொத்து அலுவலகம் 2014 முதல் இதற்கென்று ஒரு உரிமம் தருகிறது. அதற்கு நீங்கள் எங்கெல்லாம் தேடினீர்கள் என்று காட்ட வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். யாருக்கு எந்த உரிமை என்று ஒரு பதிவேடுகூட வைக்காத அரசு, தேடும் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டுக் காசும் கேட்கிறது!

பதினைந்து நிமிட நாடகத்துக்கு இவ்வளவு அலைய வேண்டாம் என்றால், நீங்களே எழுதுங்கள். சேறு, பேன், தினமும் ஒரே பிளம்-ஆப்பிள் ஜாம், ரம் ஜாடிக்காகக் காத்திருப்பது, இதெல்லாம் யாருடைய சொத்தும் இல்லை. ஓல்டு பில்லை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள்.