சர்க்கரை உள்ள அம்மாவுக்கு ராத்திரி சோற்றுக்குப் பதில் காய்கறியில் என்ன சமைக்கலாம்?

கடலூரில் எங்கள் வீட்டில் காலிஃப்ளவர் சோறுதான். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். காலிஃப்ளவரில் 5 கிராம்தான். பான்பரி மார்க்கெட்டில் பூ இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மஞ்சள் போட்ட வெந்நீரில் 2 நிமிடம் வைத்து, துணியில் நன்றாக ஒற்றியெடுத்துத் துருவுங்கள். ஈரம் நின்றால் களியாகிவிடும். முதல் தடவை நான் கிண்டியது அதைத்தான். கடுகு, உளுந்து, பச்சைமிளகாய், இஞ்சி தாளித்து, மூடாமல் 4 நிமிடம் வதக்கினால் போதும். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். லெமன் சாதம் மாதிரியே இருக்கும், கிட்டத்தட்ட.

தொட்டுக்கொள்ளக் கீரைக் கூட்டு, பீர்க்கங்காய்ப் பொரியல். உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் மாவுச்சத்து அதிகம் என்பதால் சோற்றுக்குப் பதிலாகாது. அப்புறம், மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.