ஏழு வாரமா, ஐந்து வாரமா? கரு முதல் மழலை வரை கேள்வி பதில்

செவிலியர் மாணவிகளுக்குப் பல வருடங்கள் குழந்தை வளர்ச்சிப் பாடம் எடுத்தவள் நான். டாக்டர் இல்லை, அதனால் மருந்துச் சீட்டு கேட்காதீர்கள். கரு உண்டாவதிலிருந்து குழந்தைக்கு நாலு வயது ஆகும் வரை உள்ள எதையும் கேட்கலாம். கேள்விகள் நிறைய வந்துவிட்டன, சிலவற்றுக்கு இரண்டு வரியில்தான் பதில்.

கேள்வி: மேடம், ஸ்கேனில் ஏழு வாரம் என்கிறார்கள். எங்கள் கணக்குப்படி ஐந்து வாரம்தான் ஆகியிருக்க வேண்டும். ஸ்கேன் தப்பா?

இரண்டும் சரிதான். கரு உண்டான நாள் பெரும்பாலும் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது, கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி தெரியும். அதனால் மருத்துவர்கள் அந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாள் சுழற்சியில் கருமுட்டை வெளிவருவது ஏறக்குறைய 14ஆம் நாள். ஆக, கர்ப்பத்தின் முதல் இரண்டு வாரத்தில் கர்ப்பமே இல்லை! மருத்துவமனைக் கணக்கில் 280 நாள், கருத்தரித்த நாளிலிருந்து 266 நாள். பிரசவத் தேதி என்று எழுதித் தருகிறார்களே, சரியாக அந்த நாளில் பிறப்பது சுமார் 20 குழந்தைகளில் ஒன்றுதான். முன்னே பின்னே இரண்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே நான் "கருத்தரித்து இத்தனை நாள்" என்று சொல்லும்போது இரண்டாவது கணக்கு. "கர்ப்பத்தின் இத்தனையாவது வாரம்" என்றால் ஸ்கேன் கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: முதல் வாரத்தில் உள்ளே என்ன நடக்கிறது? ஏன் டெஸ்ட்டில் உடனே தெரிவதில்லை?

கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை காத்திருக்கும். இரண்டும் சந்திப்பது கர்ப்பப்பையில் அல்ல, கருக்குழாயில். இருபக்கமும் 23 குரோமோசோம் சேர்ந்து 46 ஆனதும் அந்த ஒற்றைச் செல் இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிகிறது. எண்ணிக்கைதான் கூடுகிறது, மொத்த அளவு கூடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்த முட்டைக்குள்ளேயே எல்லாப் பிரிவும் நடக்கிறது.

ஐந்தாம் நாள் வாக்கில் அது உள்ளே வெற்றிடம் உள்ள பந்து போல ஆகிவிடும். வெளிச்சுவரில் உள்ள செல்கள் நஞ்சுக்கொடியாகப் போகின்றன, உள்ளே ஒரு பக்கம் ஒட்டியிருக்கும் சிறு கொத்துதான் குழந்தையாகப் போகிறது. குழந்தைக்கு முன்பே அதற்குச் சோறு போடும் ஏற்பாடு தொடங்கிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. கருத்தரித்த 6 முதல் 10 நாளுக்குள் அந்தப் பந்து கர்ப்பப்பைச் சுவரில் பதியும். பதிந்த பிறகுதான் டெஸ்ட் அட்டை தேடும் ஹார்மோன் தாயின் ரத்தத்துக்கு வரும், அப்புறம் சிறுநீருக்கு. மாதவிடாய் தள்ளிப்போகும் முன்பே தினமும் டெஸ்ட் செய்வது பணத்துக்கும் மனதுக்கும் நஷ்டம்.

கேள்வி: ஆணா பெண்ணா என்பது எப்போது முடிவாகிறது அக்கா? வீட்டில் என்னைத்தான் குறை சொல்கிறார்கள்.

கருத்தரிக்கும் அந்த நொடியில். முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். எக்ஸோ ஒய்யோ கொண்டுவருவது விந்தணு. குறை சொல்வதற்கு இதில் யாருமே இல்லை. சொல்லியே தீருவேன் என்பவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு ஆறாவது வாரத்தில்தான் தெரிந்தது. அதுவரை ஃபோலிக் ஆசிட் மாத்திரை சாப்பிடவில்லை. பயமாக இருக்கிறது.

முதலில் மூச்சு விடுங்கள். மாத்திரை எடுக்காமலே ஆரோக்கியமான குழந்தை பெற்றவர்கள்தான் பெரும்பான்மை. இன்றே உங்கள் டாக்டரிடம் சொல்லி ஆரம்பியுங்கள். பொதுவான அளவு நாளுக்கு 400 மைக்ரோகிராம், 12 வாரம் வரை. சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை போன்றவை இருந்தால் அளவு வேறு, அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கரு உண்டாகும் முன்பே ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான பட்டை. அது சுருண்டு குழல் போல மூடிக்கொள்கிறது, ஃபோலிக் ஆசிட் உதவுவது அதற்குத்தான். அந்த வேலை கருத்தரித்து 28ஆம் நாள் வாக்கில் முடிந்துவிடும், அதாவது ஸ்கேன் கணக்கில் ஆறு வாரம். பலருக்குச் செய்தி தெரியவருவதே அப்போதுதான். இதயமும் 22ஆம் நாள் வாக்கிலேயே துடிக்க ஆரம்பித்துவிடுகிறது.

குழந்தை வளர்ச்சியில் பெரும்பாலான தேதிகள் நெகிழ்வானவை. ஆனால் கருத்தரித்த முதல் எட்டு வாரம் அப்படி இல்லை. எல்லா உறுப்புகளுக்கும் அடித்தளம் விழுவது அப்போது. தாலிடோமைடு கதையை மாணவிகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன். 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மருந்து. மசக்கைக்கும் கொடுத்தார்கள். 1961 கடைசியில் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறையோடும் மற்றக் குறைகளோடும் பிறந்தார்கள். பாதிப்பு வந்தது கருத்தரித்து சுமார் 20 முதல் 36 நாளுக்குள் மருந்து சாப்பிட்டவர்களுக்கு. அதே மாத்திரையைச் சில வாரம் கழித்துச் சாப்பிட்டிருந்தால் கைகால்கள் தப்பியிருக்கும், அவை அதற்குள் உருவாகி முடிந்திருக்கும். அமெரிக்காவில் ஃப்ரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி ஆதாரம் போதாது என்று அனுமதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால் அங்கே பெரிய அளவில் பரவவில்லை. அதனால்தான் கர்ப்பத்தில் தலைவலி மாத்திரை என்றாலும் கேட்டுவிட்டுப் போடச் சொல்கிறோம்.

கேள்வி: தாயின் ரத்தம்தானே குழந்தை உடம்பிலும் ஓடுகிறது?

இல்லை. இரண்டும் தனித்தனி ஓட்டம். நஞ்சுக்கொடியில் மெல்லிய திரை ஒன்று நடுவே இருக்கும், அதன் வழியே ஆக்சிஜனும் சத்தும் உள்ளே போகும், கழிவு வெளியே வரும். தாய்க்கு ஒரு ரத்த வகை, குழந்தைக்கு வேறு வகை இருக்க முடிவதும் அதனால்தான். ஆனால் மது, நிகோட்டின், பல மருந்துகள் அந்தத் திரையைத் தாண்டிவிடும்.

கேள்வி: 18 வாரம் ஆகிறது, இன்னும் அசைவே தெரியவில்லை.

முதல் பிரசவமா? 20 வாரம் வரைகூட ஆகலாம். நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் இருந்தால் இன்னும் தாமதமாகத் தெரியும். குழந்தை உள்ளே ஏற்கெனவே கைகால் ஆட்டிக்கொண்டுதான் இருக்கும், உங்களை எட்டவில்லை, அவ்வளவுதான். 24 வாரம் ஆகியும் தெரியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அசைவு பழகிய பிறகு, பின்னாளில் அது குறைந்தாலோ நின்றாலோ மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது.

கேள்வி: அப்பாவாகப் போகிறேன். வயிற்றோடு பேசினால் குழந்தைக்குக் கேட்குமா, சும்மா சொல்கிறார்களா?

கர்ப்பத்தின் 25ஆம் வாரத்தையொட்டி ஒலிக்கு அசைந்துகொடுக்கத் தொடங்கும். ஆனால் போட்டி சமமானது அல்ல. அம்மாவின் குரல் அவர் உடம்பு வழியாகவே உள்ளே போகிறது, உங்கள் குரல் பல அடுக்குகளைத் தாண்டி மங்கலாகத்தான் போகும். 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாளுக்குள் இருந்த குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மா குரல், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். அம்மா குரல் வரும் விதத்தையே குழந்தைகள் அதிகம் நாடின. நீங்கள் பேசுங்கள், தப்பே இல்லை. வயிற்றில் ஹெட்ஃபோன் மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: என் பையன் 32 வாரத்தில் பிறந்தவன். இப்போது ஆறு மாதம், இன்னும் உட்காரும் அறிகுறியே இல்லை. மற்றக் குழந்தைகள் எல்லாம் உட்காருகிறார்கள்.

அவனுக்கு வளர்ச்சிக் கணக்கில் ஆறு மாதம் ஆகவில்லை. எட்டு வாரம் முன்னால் வந்துவிட்டான், அதைக் கழித்துவிடுங்கள். நாலு மாதக் குழந்தையிடம் யாராவது உட்காரச் சொல்வார்களா? இந்தத் திருத்திய வயதை இரண்டு வயது வரை பயன்படுத்துவது வழக்கம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, அது பெரும்பாலும் பிறந்த தேதியை வைத்துத்தான்.

கேள்வி: பிறந்தபோது 3 கிலோ, நாலாம் நாள் 2.8. பால் போதவில்லையா?

பிறந்த எடையில் 7, சில சமயம் 10 சதவீதம் வரை குறைவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்ப வேண்டும், அதைக் கவனியுங்கள். சிறுநீர் நன்றாகப் போகிறதா என்பது தராசைவிட நல்ல சாட்சி.

கேள்வி: உச்சிக்குழி துடிக்கிறது, தொடவே பயம்.

தாராளமாகத் தொடலாம், மேலே தடிமனான சவ்வு இருக்கிறது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேராத இடைவெளி அது. பிரசவத்தில் தலை நெளிந்து வெளிவரவும், பிறகு மூளை பெருக்கவும் இடம் வேண்டுமே. இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்கள் மூளையின் அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடும். முன்பக்கக் குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடும். நன்றாக உள்வாங்கி இருந்தால் நீர்ச்சத்துக் குறைவாக இருக்கலாம். அழாமல் இருக்கும்போதும் புடைத்திருந்தால் உடனே மருத்துவமனை.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது. என் மகளுக்குப் பதின்மூன்று மாதம், நிற்கிறாள், நடக்கவில்லை. தவழவும் இல்லை, உட்கார்ந்தே நகர்கிறாள். வாக்கர் வாங்கலாமா?

இன்று வந்ததில் பாதி இந்தக் கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. துணையில்லாமல் நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை! இரண்டு முனையும் இயல்புதான். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே அடுத்த கட்டத்துக்குப் போன குழந்தைகள் நூற்றுக்கு நாலு பேர். உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கலாம்.

தலை நிற்கும், குப்புற விழும், உட்காரும், நிற்கும், நடக்கும். வரிசை பெரும்பாலும் இதுதான், தேதிதான் ஆளுக்கு ஆள் மாறும். இதை வகுப்பில் வாய் வலிக்கச் சொன்ன நானே, என் சொந்த மகள் பதினைந்து மாதம் வரை நடக்காதபோது ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

அதற்காக எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கவும் சொல்லவில்லை. 9 மாதத்தில் உட்காராவிட்டால், 18 மாதத்தில் நடக்காவிட்டால், ஒரு பக்கக் கைகாலை மட்டுமே பயன்படுத்தினால் காட்டிவிடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, செய்துகொண்டிருந்ததை நிறுத்துவது. பேசிய சொல் மறைந்தால், உட்கார்ந்த குழந்தை உட்காராமல் போனால், எந்த வயதானாலும் அந்த வாரமே டாக்டர்.

வாக்கர் வேண்டவே வேண்டாம். நடையை அது விரைவுபடுத்துவதில்லை, படியில் உருண்டு விழும் விபத்துகள்தான் மிச்சம். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. தரையில் விடுங்கள், போதும்.

கேள்வி: நான் தாத்தா. போன மாதம் வரை என் மடியில் கிடந்து சிரித்தவள், இப்போது எட்டு மாதம், என்னைப் பார்த்தாலே அம்மாவைக் கட்டிக்கொண்டு அலறுகிறாள். என்ன தப்பு செய்தேன் அம்மா?

ஒரு தப்பும் இல்லை ஐயா. பேத்தி வளர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். முன்பு எல்லா முகமும் அவளுக்கு நல்ல முகம். இப்போது தினமும் பார்க்கும் முகம் எது, எப்போதாவது வரும் முகம் எது என்று பிரிக்கத் தெரிகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. கண்ணில் படாத பொருளும் எங்கோ இருக்கிறது என்ற அறிவு. துணியால் மூடிய பொம்மையைத் துணியை விலக்கித் தேடுவது எட்டு மாத வாக்கில் வரும் என்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே எழுதினார். பிறகு வந்த ஆராய்ச்சிகள், அந்த அறிவின் முளை அதற்கும் பல மாதம் முன்பே இருக்கிறது என்று காட்டின. அம்மா அறையை விட்டுப் போனாலும் எங்கோ இருக்கிறாள் என்று தெரிந்தால்தானே அழ முடியும்?

வந்ததும் தூக்காதீர்கள். அம்மா மடியில் இருக்கட்டும், நீங்கள் தரையில் உட்கார்ந்து அவளைப் பார்க்காதது போல ஏதாவது பொம்மையை உருட்டிக்கொண்டிருங்கள். அவளாக வருவாள். முகத்தைத் துணியால் மூடித் திறக்கும் விளையாட்டு இந்த வயதில் அலுக்கவே அலுக்காது.

கேள்வி: வீட்டில் இரண்டு மொழி பேசுகிறோம். குழந்தை குழம்பிப் பேச்சு தாமதமாகும் என்கிறார்களே?

குழம்பாது. பிறந்த குழந்தைக்கு உலகத்தின் எந்த மொழி ஒலியையும் பிரித்துக் கேட்கும் காது இருக்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தி ஒலிகளைச் சரியாகப் பிரித்தார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. காதில் விழாத ஒலியை மூளை கைவிடுகிறது. ல, ள, ழ மூன்றும் நமக்கு வேறு வேறாகக் கேட்பதும், வளர்ந்தபின் தமிழ் கற்பவர்கள் அங்கே திணறுவதும் இப்படித்தான்.

சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ணுங்கள். ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதில் 50 சொல்லும் இரண்டிரண்டு சொல் சேர்ந்த பேச்சும். இதில் பெரிய பின்னடைவு தெரிந்தால் மொழிகளைக் குறை சொல்வதற்கு முன் காதைப் பரிசோதியுங்கள்.

கேள்வி: போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான். ஒரு வயது.

இரண்டு வயதுக்குக் கீழ் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதல். இரண்டிலிருந்து நாலு வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். தூரத்தில் இருக்கும் சொந்தத்தோடு வீடியோவில் பேசுவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவ சங்கம் விதிவிலக்காக வைத்தது, அதில் எதிரே பதில் சொல்ல ஆள் இருக்கிறது. மூன்று நாலு நாள் சாப்பாட்டு நேரம் போர்க்களமாக இருக்கும், அப்புறம் அடங்கும்.

கேள்வி: மூன்று வயது மகன் கண்ணை மூடிக்கொண்டு, தான் ஒளிந்துவிட்டதாகச் சொல்கிறான். இது சரியா?

சரியான வயதில் சரியான வேலை! தனக்குத் தெரிவது வேறு, அடுத்தவருக்குத் தெரிவது வேறு என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. 1983இல் விம்மரும் பெர்னரும் ஒரு பொம்மைக் கதை வைத்துச் சோதித்தார்கள். மாக்ஸி சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் புதிய அலமாரியைக் காட்டின, தங்களுக்குத் தெரிவது அவனுக்கும் தெரியும் என்று. நாலு, ஐந்து வயதில்தான் பலரும் பழைய அலமாரியைக் காட்டத் தொடங்குகிறார்கள்.

அதே அப்பா: நன்றி மேடம். ஆனால் நேற்று பிஸ்கட்டை எடுத்துவிட்டு, "நான் எடுக்கலை, பூனை எடுத்துச்சு" என்றான். எங்களிடம் பூனையே கிடையாது.

அப்படியானால் உங்கள் பையன் அந்த அலமாரி சோதனைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். திட்டாதீர்கள், பூனை எங்கே போனது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மீசையில் பிஸ்கட் தூள் இருந்ததா என்றும் கேளுங்கள்.