நூறு தண்டால் இருக்கட்டும், முதலில் தோளைப் பார்ப்போம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு வேலை. எட்டு மாதமாகச் சிலம்பம் கற்கிறேன். கம்பைத் தலைக்கு மேல் சுற்றும்போது வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது. கையில் பலம் போதவில்லை என்கிறார்கள். வகுப்பில் சிலர் ஒரு மாதம் தினமும் 100 தண்டால் எடுப்பதாகப் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். எனக்கு முழுசாக ஒன்றுகூட வராது, முட்டி போட்டுத்தான் எடுக்கிறேன். நானும் சேரலாமா? ஜிம்முக்குப் போக நேரமில்லை.
– வாசகி, பினாங்கு

பதில்: வணக்கம் சகோதரி. அந்தப் பந்தயத்தில் இப்போது சேர வேண்டாம். பலம் வேண்டும் என்பது சரிதான். ஆனால் உங்கள் தோள் கேட்கும் பலம் வேறு.

கம்பு வீச்சின் வேகம் காலில் கிளம்பி, இடுப்பு வழியாகக் கைக்கு வருகிறது. அந்த வேகத்தைக் கடைசியில் பிடித்து நிறுத்துபவை தோளின் பின்பக்கத் தசைகள். தண்டாலோ மார்பையும் தோளின் முன்பக்கத்தையும்தான் அதிகம் வளர்க்கும். தள்ளுவதை மட்டும் பழக்கி, இழுப்பதை விட்டுவிட்டால் வீச்சை நிறுத்தும் வேலைக்கு ஆள் இருக்காது. சுமை முழுவதும் தோள் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களில் விழும்.

கண்ணாடி முன் நின்று வலக்கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்திப் பாருங்கள். தோள் உயரத்தை ஒட்டி வலித்து, அதைத் தாண்டியதும் வலி குறைந்தால் பெரும்பாலும் தசைநார்ப் பிரச்சினைதான், பயிற்சியிலேயே குறையும். கையைத் தூக்கவே முடியவில்லை, இரவில் வலியால் விழிப்பு வருகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

இனி தண்டால். முழுத் தண்டாலில் உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம் கைகளில் இறங்குகிறது. நீங்கள் 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் 38 கிலோ. முட்டி போட்டால் 29 கிலோ. இரண்டடி உயர மேசை விளிம்பில் கை ஊன்றினால் 25 கிலோதான். மேசைத் தண்டாலைத்தான் நான் சொல்வேன். முட்டி போடும்போது இடுப்பு தளர்ந்துவிடும். மேசையில் தலையிலிருந்து குதிகால்வரை உடல் ஒரே கம்பாக நிற்கப் பழகும். அது எளிதானதும் உங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டுக்கு வாருங்கள். மூன்றாவது படியில் கை ஊன்றி, 12 முறை வீதம் மூன்று சுற்று சுத்தமாக வந்தால் இரண்டாவது படி, அப்புறம் முதல் படி. அப்படியே இறங்கித் தரைக்கு வந்துவிடலாம்.

முழங்கை காக்கை இறக்கை மாதிரி விரியக் கூடாது. உடம்போடு 45 டிகிரி அளவில் இருக்கட்டும். மேலே வந்து கை நீண்டதும் அங்கேயே நிற்காமல் இன்னும் ஓர் அங்குலம் தள்ளுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் விலகுவது தெரியும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அந்த எலும்பைச் சுழற்றித் தருகிற தசை இதில்தான் வேலை செய்கிறது. பலர் இந்த ஓர் அங்குலத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு சுற்றுத் தள்ளினால் இரண்டு சுற்று இழுங்கள். கெட்டியான பழைய கைலி ஒன்று போதும். அசையாத தூணில் சுற்றி, இரு முனையையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து, மார்பு தூணை நெருங்கும்வரை இழுங்கள். முழங்கைகள் விலாவை உரசிப் போகட்டும். கால்களைத் தூணுக்கு அருகில் கொண்டுபோகப் போகச் சுமை கூடும். கம்பைப் பிடிக்கும் பிடியும் கூடவே இறுகும்.

வாரம் மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் ஓய்வு. தசைக்குப் பலம் சில வாரங்களில் வந்துவிடும். தசைநார் மெதுவாகத்தான் வரும். இரவு ஷிப்டு முடிந்து தூங்காமல் பயிற்சியில் இறங்க வேண்டாம். பத்துக்கு மூன்று அளவில் வலி இருந்து, மறுநாள் தணிந்துவிட்டால் தொடரலாம். இரண்டு வாரம் தலைக்கு மேல் சுற்றுவதைக் குறைத்து, இடுப்பு உயர வீச்சுகளைப் பழகுகிறேன் என்று ஆசானிடம் சொல்லுங்கள். ஷிப்டு முடிந்து ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மட்டும் சாப்பிட்டால் தசை வளராது. இரண்டு முட்டையோ, புளிக்கவைத்த சோயாவான டெம்பேயோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழர்களுக்கு ஒரு செய்தி, மறக்காமல் சொல்லிவிடுங்கள். பழக்கமில்லாத உடம்பு திடீரென்று நூற்றுக்கணக்கில் எடுத்தால் தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கை வீங்கி, மடக்க முடியாமல், சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் அது சாதாரண உடல்வலி இல்லை. அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆறு வாரம் இப்படிச் செய்யுங்கள். அதற்குள் வலி குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். போகும்போது கம்பையும் எடுத்துப் போங்கள். நீங்கள் சுற்றுவதைப் பார்த்தால்தான் எந்த இடத்தில் தோள் தடுமாறுகிறது என்று அவருக்குத் தெரியும்.