போர்த் தண்ணியில் கடல் மீன் வாழுமா?

கேள்வி: எங்க ஊர் காங்கேயம் பக்கமுங்க. பையன் ஆசைப்பட்டான்னு மஞ்சள் முதுகுல அஞ்சு கறுப்புப் பட்டை போட்ட கடல் மீன் ஒண்ணு வாங்கினோம். ‘சார்ஜன்ட்’னு கடைக்காரர் சொன்னாருங்க. 60 லிட்டர் தொட்டி, கேன்ல வாங்கின கடல் தண்ணி. அது வத்த வத்த எங்க போர்த் தண்ணியவே ஊத்தலாமுங்களா? அதுவும் உப்புத்தண்ணிதானுங்க, டிடிஎஸ் 2,000 காட்டுது. கூட விட்ட சின்ன மீனையும் கடிச்சே கொன்னுடுச்சு.

பதில்: ஊற்றாதீர்கள். டிடிஎஸ், அதாவது கரைந்த உப்புகளின் அளவு, 2,000 என்றால் உங்கள் போர்த் தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் உப்பு. கடலில் 35 கிராம். உப்பின் வகையும் வேறு. நம் பக்கத்து நிலத்தடி நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் தூக்கல், தோட்டத்து உரத்தின் நைட்ரேட்டும் சேரும். கடலில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு.

தொட்டியில் வற்றுவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே நிற்கும். அதனால் வற்றிய அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர் போதும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் மட்டம் மளமளவென்று இறங்கும். தண்ணீரை மாற்றும்போது மட்டும், ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மீன் தொட்டிக்கான கடலுப்பைக் கரையுங்கள். சமையல் உப்பு ஆகாது.

கடிப்பது அதன் பிறவிக் குணம். செங்கடல் முதல் பசிபிக் வரை, நம் மன்னார் வளைகுடாவிலும், பவளப்பாறைக்கு மேலே கூட்டமாக நின்று மிதவை உயிர்களைக் கொத்தித் தின்னும் மீன் இது. குஞ்சுகள் மிதக்கும் பாசிக்கடியில் ஒதுங்கும். முட்டைக் காலத்தில் ஆண் மீன் நீலம் பாய்ந்து, பாறையில் ஓரிடத்தைச் சுத்தம் செய்யும். பெண் ஒட்டிவிட்டுப் போன முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறிக் காவல் நிற்கும். முக்குளிப்பவர் நெருங்கினாலும் பாயும். எனக்கு இந்தத் தகப்பன்மார்மேல் தனி மரியாதை. அப்படி இடம் காக்கும் மீனுக்கு 60 லிட்டரில் தொட்டி முழுவதுமே தன் இடம். சின்ன மீன் எங்கே ஒதுங்கும்?

இது 20 சென்டிமீட்டர் வரை வளரும். 300 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பாவம் என்று பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்காலிலோ நொய்யல் ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள், நன்னீரில் செத்துப்போகும். கொண்டு போகும்போது தொட்டித் தண்ணீரையே பையில் பிடித்து, மேலே பாதிக்கு மேல் காற்று விட்டுக் கட்டி, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள்.