பட்டினி போட்டுப் பிடிப்பது

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் சோவியத் நகரமான லெனின்கிராடை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 872 நாள் முற்றுகையிட்ட ஜெர்மன் படை, ஏன் நேராக உள்ளே புகுந்து பிடிக்கவில்லை? பலம் போதவில்லையா? அதற்காக யாராவது தண்டிக்கப்பட்டார்களா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பலம் போதவில்லை என்பது பாதிதான் உண்மை. 1941 செப்டம்பரில் டாங்கிப் படையை மாஸ்கோ பக்கம் திருப்பிவிட்டார்கள். மீதி, கணக்குப்பிள்ளை புத்தி. உள்ளே போனால் தெருவுக்குத் தெரு சண்டை, பிடித்துவிட்டாலோ சுமார் 25 லட்சம் பேருக்குச் சோறு போட வேண்டும். அதனால் ‘சரணடைய வந்தாலும் ஏற்காதீர்கள்’ என்று அந்த மாதமே மேலிடத்திலிருந்து உத்தரவு போய்விட்டது.

முற்றுகை தொடங்கிய செப்டம்பர் 8 அன்றே குண்டு வீசி நகரத்தின் உணவுப் பொருள் இருந்த பதாயெவ் கிடங்குகளை எரித்தார்கள். உருகிய சர்க்கரை மண்ணில் இறங்கியது. ஜனங்கள் அந்த மண்ணைத் தோண்டி எடுத்துப்போய், வெந்நீரில் கரைத்து, வடிகட்டிக் குடித்தார்கள். நவம்பர் கடைசியில் ரேஷன், தொழிலாளிக்கு 250 கிராம் ரொட்டி, வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம். அதிலும் மாவு கொஞ்சம்தான், பருத்திவிதைப் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்து, ஈரமும் கனமுமாக உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு, ஒரு நாள் முழுக்க அதுதான். கார்டு தொலைந்தால் ஆள் தொலைந்தான். தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ரப் பசையைக் காய்ச்சித் தின்றார்கள், தோல் பெல்ட்டை வேகவைத்தார்கள். குழந்தைகள் பனியில் சறுக்கி விளையாடும் சின்ன வண்டியில் பிணத்தைக் கட்டி இழுத்துப்போனார்கள்.

வழி ஒன்றே ஒன்று, லடோகா ஏரி. குளிர்காலத்தில் உறைந்த பனிமேல் லாரி ஓட்டினார்கள். பனி உடைந்தால் குதித்துத் தப்பிக்க டிரைவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே போவார்களாம், அந்தக் குளிரில்! 1942 வசந்தத்துக்குள் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்த வழியாக வெளியேறினார்கள். அப்படியும் செத்த பொதுமக்கள் 8 லட்சத்துக்குக் குறையாது, பெரும்பாலும் பசியால்.

தண்டனையா? முற்றுகையிட்ட படைக்குத் தலைவர் ஃபீல்டு மார்ஷல் ஃபொன் லேப். 1948-ல் நியூரம்பெர்க்கில் அமெரிக்க நீதிமன்றம் அவரை விசாரித்தது. தப்பி வெளியே வரும் ஜனங்களைச் சுட்டுத் திருப்பி அனுப்பச் சொன்ன உத்தரவும் விசாரணைக்கு வந்தது. ‘சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கலாம், ஆனால் இருக்கிற சட்டப்படி இது குற்றமில்லை’ என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள். வேறொரு குற்றத்துக்காக 3 ஆண்டு கிடைத்தது, அதையும் ஏற்கெனவே சிறையில் கழித்துவிட்டதால் மனிதர் வீட்டுக்குப் போய்விட்டார். போரில் பொதுமக்களைப் பட்டினி போடுவதற்கு ஜெனீவா உடன்படிக்கையின் கூடுதல் நெறிமுறையில் தடை எழுதப்பட்டது 1977-ல்தான்.