தண்டையார்பேட்டையில் தனியாக வசிக்கும் 78 வயது அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது?

சோழிங்கநல்லூரில் உள்ள உங்கள் அடுக்ககத்துக்கு அழைத்துக்கொள்வதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு வாரம் உடன் தங்கி, குளிக்க, கழிவறை செல்ல, மாத்திரை எடுக்க, படியேற என எதற்கெல்லாம் அவருக்குத் துணை தேவைப்படுகிறது என்று கவனியுங்கள். சமையலுக்கும் மாத்திரைக்கும் மட்டுமே துணை போதுமென்றால், ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்க, கதவு திறக்காவிட்டால் உடனே வந்து தட்டிப் பார்க்கும் அண்டை வீட்டாரும் இருக்க, அந்தத் தெருவை விட்டு அவரைப் பெயர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாடியில் இருந்தால் அதே தெருவில் தரைத்தளப் போர்ஷன் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். அப்பகுதியின் பழைய வீடுகளில் குறுகிய செங்குத்துப் படிக்கட்டும், முற்றத்தைத் தாண்டிப் போகவேண்டிய பொதுக் கழிவறையும்தான் பெரிய ஆபத்து. கழிவறையில் கைப்பிடிக் கம்பியும், போகும் வழியில் இரவு விளக்கும் பொருத்துங்கள்.

மறதி முற்றி, இரவில் எழுந்து வெளியே போகிறார் என்றால் கணக்கே வேறு. அப்போது இல்லம் பார்ப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் சாப்பாட்டு வேளையில் முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள்; இரவுப் பணியில் எத்தனை பேர், படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வார்களா, முன்பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டை அவர் உங்களுக்குத் தானமாக எழுதுவதானால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அது மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அப்பத்திரத்தை ரத்துசெய்ய முடியும்.